நிலாவெளி மாதர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவி அவர்களுக்கும் நிர்வாக சபையினருக்கும் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராதவர்களின் காதுக்கும் இது போய்ச் சேரும் என்று நம்புகிறேன்.

பொங்கல் விழா, மகளிர் தினம், சிரமதானம், முன்பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாம் வழமைபோல நடந்தன. நிர்வாக சபை மாதந்தோறும் கூடியது; ஆள் காணாமல் கலைந்த மாதங்களும் உண்டு.

விரிவாகச் சொல்லவேண்டியது கர்ப்பிணித் தாய்மார், கைக்குழந்தைகள் வேலைத்திட்டம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, மீனவர் சங்கம், கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்கள், ஓட்டோ சாரதிகள் எல்லாரையும் ஒன்றாக இருத்திக் கதைத்தோம். "இது குடும்பநல உத்தியோகத்தரின் வேலை, எங்களுக்கென்ன?" என்று போன பொதுக்கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பதில் இதுதான். மிஸ் (குடும்பநல உத்தியோகத்தரை அப்படித்தான் கூப்பிடுவோம்) வீடு வீடாக வருகிறார், இரும்புச்சத்து மாத்திரையும் கொடுக்கிறார். அதைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. சில மாமிமார் "பிள்ளை பெருத்திடும், பிறகு வெட்டித்தான் எடுக்கவேணும்" என்று மாத்திரையை அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். தாய்க்கென்று கொடுக்கும் திரிபோஷா சத்துமா மாதத்துக்கு 750 கிராம் பக்கற் இரண்டு. வீட்டிலுள்ள எல்லாருக்கும் உருண்டை பிடித்தால் ஒரு கிழமைக்கும் காணாது.

ஆகவே மாமிமாரையும் கணவன்மாரையும் கூப்பிட்டோம். கணவன்மாருக்கான கூட்டத்தைக் கரைவலை இழுத்து முடித்த கையோடு கடற்கரையில் மீனவர் தங்கும் வாடியிலேயே வைத்தோம். வலைப் பொத்தலைத் தைத்தபடியே இருந்த ஒரு தம்பி, "கால் வீங்கிறது எல்லாருக்கும் வாறதுதானே மிஸ்?" என்றார். முகமும் கையும் வீங்கி, தலையிடித்து, கண்ணும் மங்கினால் அது பிரஷராக இருக்கும், விடியும்வரை வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்று மிஸ் சொன்னார். தம்பியின் கையில் ஊசி அப்படியே நின்றது.

அப்புறம் இரவில் வரக்கூடிய ஓட்டோக்காரரின் இலக்கங்களைக் கர்ப்பிணிப் பதிவேட்டின் பின்னட்டையில் ஒட்டினோம். மேலே 1990 என்ற அம்பியுலன்ஸ் இலக்கம். மணல் ஒழுங்கையிலிருந்து பெரிய ரோட்டுவரை வரவும் ஓட்டோ வேண்டுமே. பெற்றோல் காசு சங்கம் கொடுக்கும் என்று எல்லாருமாகக் கை உயர்த்தித்தான் தீர்மானித்தோம்.

கை உயர்த்தியவர்களில் பாதிப்பேருக்கு மேல் இன்னும் சந்தா கட்டவில்லை. கேட்கப்போனால் "அவர் கடலுக்குப் போயிட்டார்" என்ற பதில்தான். இரண்டு சாரதிகள் காசு வாங்காமலே ஓடினார்கள். அதைச் சங்கத்தின் சாதனையாக எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கிளினிக்கில் குழந்தைகளை நிறுக்க உதவும் முறைப்பட்டியலும் அப்படித்தான். தொடக்க நாளில் படம் எடுக்கும்போது கதிரை போதவில்லை. பிறகு வந்தது அதே நாலைந்து பேர்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு சந்தாவும் ஒரு நன்கொடையும். செலவு பெற்றோல், போட்டோப்பிரதி, தேநீர். கையிருப்பு இருக்கிறது, பெருமைப்படும் அளவில் இல்லை.

ஒத்துழைத்த பணிமனையினருக்கும் மீனவர் சங்கத்துக்கும் இரு நிர்வாகங்களுக்கும் சாரதிகளுக்கும் நன்றி.

வருகிற வருடம், குழந்தைக்கு முதல் 6 மாதமும் தாய்ப்பால் மட்டுமே என்பதை வீடுகளில் பேச நினைக்கிறோம். சீனித் தண்ணி கொடுக்கும் பாட்டிமாரிடம் போக, பொறுமையுள்ள நாலு பேர் வேண்டும். செயலாளர் பதவியை யாரும் விரும்பினால் சந்தோஷமாகக் கையளிப்பேன். கிளினிக் என்றைக்கு என்று தெரிந்தவராக இருந்தால் நல்லது. சந்தாப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. மாற்றிக் கொடுக்கச் சில்லறையும் வைத்திருக்கிறேன்.

செயலாளர்