அதே கதவு எண், வேறு வீட்டுக்காரர்

சுங்கை சிப்புட்
ஞாயிறு மாலை

அன்பு நண்பா,

காலையில் பசியாறியதும் எழுத உட்கார்ந்தேன். கோயில் கூட்டம் என்று கூப்பிட்டுவிட்டார்கள், இப்போதுதான் திரும்பினேன். அம்மா நலம். முட்டிவலி மட்டும் மழை நாளில் கூடிவிடுகிறது. நம் தோட்டத்தில் மிச்சமிருந்த கடைசி லயத்தையும், தொழிலாளர் வீட்டு வரிசையை, இடித்துவிட்டார்கள். ஆயாக்கொட்டகை இருந்த இடத்தில் இப்போது செம்பனைக் குலைகளைக் கொட்டி வைக்கிறார்கள். அந்தப் பக்கம் போய்விட்டு வந்து இரண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ ஜொகூர் பாருவிலிருந்து போன் செய்தாய். நம் படங்கள் இருக்கும் சர்வருக்குள் நுழைய முடியவில்லை, எதிர்முனைக் கணினியின் அடையாளம் மாறிவிட்டது என்று திரை முழுக்க எச்சரிக்கை வருகிறது என்றாய். நான் கடையில் நின்றுகொண்டிருந்த அவசரத்தில், "பழைய வரியை அழித்துவிட்டு யெஸ் அடி, சரியாகிவிடும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அப்படிச் சொன்னது என் தவறு. அன்று இரவே உன் கணக்கைப் பூட்டிவிட்டு உனக்கு வாட்சப்பில் இரண்டு வரி போட்டேன் அல்லவா? அதன் காரணத்தை முழுசாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அன்று இரவு நான் உள்ளே போனேன். எனக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அப்போதுதான் பகீர் என்றது. சர்வரின் சாவி, அதாவது அதன் அடையாளமாக இருக்கும் மறைக்குறியீடு, உண்மையிலேயே மாறியிருந்தால் உனக்கும் எனக்கும் ஒன்றுபோலத்தானே எச்சரிக்கை வரவேண்டும்? நீ மூன்று முறை கடவுச்சொல் தட்டியும் ஏற்கவில்லை என்று சொல்லியிருந்தாய். சர்வரின் நுழைவுப் பதிவைப் புரட்டினேன். அந்த நேரத்தில் உன் பெயரில் ஒரு தோல்விகூட இல்லை. அப்படியென்றால் நீ தட்டியது நம் வீட்டுக் கதவையே இல்லை.

யோசித்ததில் பிடிபட்டது. உன் மடிக்கணினியில் 'தோட்டம்' என்று ஒரு குறுக்குப்பெயர் போட்டுக் கொடுத்தேனே, அது பழைய சர்வரின் ஐபி எண்ணை, அதாவது இணைய முகவரியைத்தான் காட்டுகிறது. ஜனவரியில் நாம் வேறு சர்வருக்கு மாறினோம், பழையதை விட்டுவிட்டோம். வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனம் அந்த எண்ணை இன்னொரு வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கும், அது வழக்கம்தான். நீ ஜனவரிக்கு அப்புறம் உள்ளே வரவேயில்லை, அதனால் உனக்குத் தெரியவில்லை. ஊரைவிட்டுப் போனவன் பல வருஷம் கழித்து வந்து பழைய லயத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறான். கதவு எண் அதேதான், திறந்த முகம் வேறு. தூரத்துச் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய நாம் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் நிரல் அந்த முகத்தைப் பார்த்துத்தான் உன்னைத் தடுத்தது. நான் சொன்னதைக் கேட்டு, முன்பின் தெரியாதவரிடம் உன் கடவுச்சொல்லை நீட்டிவிட்டாய்.

அந்தக் கணினிக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. சாதாரணமாக எஸ்எஸ்எச் சர்வர் வருகிற கடவுச்சொல்லை எழுதி வைப்பதில்லை. ஆனால் எழுதி வைக்கிற மாதிரி அதை மாற்றி அமைப்பது கஷ்டமே இல்லை. அதனால் அதே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கோ வங்கிக்கோ வைத்திருந்தால் இன்றைக்கே மாற்று. தயவுசெய்து தள்ளிப்போடாதே.

எஸ்எஸ்எச் பிறந்த கதையும் இதேதான். 1995-ல் பின்லாந்தில், ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பிணையத்தில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடினார்கள். அதைப் பார்த்துத்தான் தாத்து யுலோனென் இதை எழுதினார். சர்வரும் தன் அடையாளத்தை நிரூபிக்கவேண்டும் என்பது இதில் உள்ள பெரிய விஷயம். முதல் தடவை போகும்போது அதன் பொதுச் சாவியை நம் கணினி 'நோன் ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பில் குறித்துக்கொள்கிறது. அடுத்த தடவை வேறு சாவி வந்தால் நிறுத்திவிடுகிறது. நடுவில் ஆள் புகுந்திருக்கிறானா, சர்வரில் எல்லாம் புதிதாக நிறுவியிருக்கிறார்களா, எண் கைமாறிவிட்டதா என்பது அதற்குத் தெரியாது. நாம்தான் விசாரிக்கவேண்டும்.

விசாரிப்பது அதே வழியாக இருக்கக்கூடாது. உன்னை ஏமாற்றுகிறவனிடமே "நீ யார்" என்று கேட்டு என்ன பயன்? 2023 மார்ச்சில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் தன் ஆர்எஸ்ஏ வகைச் சாவியை மாற்றியது ஞாபகம் இருக்கிறதா? ரகசியச் சாவி கொஞ்ச நேரம் பொதுவில் வெளிப்பட்டுவிட்டது, அதனால் மாற்றினார்கள். உலகம் முழுக்க எத்தனையோ பேருக்கு இதே எச்சரிக்கை வந்தது. புதுச் சாவியின் கைரேகையை, அதாவது சாவியை அடையாளம் காட்டும் சிறிய எழுத்துக் கோவையை, அவர்கள் தங்கள் இணையதளத்தில் போட்டிருந்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. நம்முடையது சின்ன சர்வர், அறிவிக்க இடமில்லை. அதனால் நம் சர்வரின் கைரேகையை ஒரு தாளில் அச்சடித்து இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். நிறுவனத்தின் இணையப் பக்கம் வழியாகக் கன்சோலை (சர்வரின் நேரடித் திரையை) திறந்து, சர்வருக்கு உள்ளேயே எடுத்த கைரேகை அது.

இனி நீ செய்யவேண்டியது. அன்றைக்கு யெஸ் அடித்ததால் அந்நியரின் சாவி இப்போது உன் கோப்பில் நம்பகமானதாக உட்கார்ந்திருக்கிறது. அடுத்த தடவை எச்சரிக்கைகூட வராது. எஸ்எஸ்எச் கீஜென் கட்டளைக்குப் பெரிய ஆர் கொடுத்து, பழைய எண்ணை எழுதினால் அந்த வரி போய்விடும். கோப்பையே மொத்தமாக அழிக்காதே, மற்ற சர்வர்களின் அடையாளமும் சேர்ந்து போய்விடும். பிறகு 'தோட்டம்' குறுக்குப்பெயரில் தாளில் இருக்கும் புது எண்ணைப் போடு. முதல் தடவை என்பதால் ஒரு கேள்வி கேட்கும். யெஸ் அடிக்காமல், தாளில் உள்ள கைரேகையை 'ஷா256' என்ற தொடக்கத்தோடு அப்படியே அடி. 2019-க்குப் பிந்தைய ஓப்பன்எஸ்எஸ்எச் அதையே ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால்தான் விடும். தொடக்கத்துக்கு அப்புறம் 43 எழுத்து, பொறுமையாக அடி. தாளில் இருப்பது இடி25519 என்ற வகைச் சாவியின் கைரேகை. திரையில் வேறு வகைச் சாவி காட்டினால் கைரேகையும் வேறாகத்தான் இருக்கும், பயப்படாமல் எனக்குப் போன் செய்.

கைரேகை என்றதும் பாட்டி ஞாபகம் வருகிறது. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960-ல் தொடங்கியதும் பாட்டி அதில் பங்கு வாங்கியிருந்தார். அந்த ரசீதையும் போன மாதம்தான் ஸ்கேன் செய்து சர்வரில் ஏற்றினேன். அதன் பின்பக்கம் அவருடைய கைநாட்டு. மை கொஞ்சம் பரவியிருக்கிறது, ஆனாலும் ரேகை ஒவ்வொன்றும் தெரிகிறது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் இருக்கும் இடத்துக்குத்தான் நான் அவ்வளவு அலட்சியமாக வழி சொல்லியிருக்கிறேன்.

உன் கணக்குக்குக் கடவுச்சொல் வழியை அடைத்துவிட்டேன். நீ உனக்கென்று ஒரு சாவி ஜோடி உண்டாக்கி, பொதுச் சாவியை மட்டும் அனுப்பு. வந்ததும் போனில் அதன் கைரேகையை எனக்குப் படித்துக் காட்டு, சரிபார்த்துவிட்டுப் போடுகிறேன். உள்ளே வந்ததும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துப் படத்தைத் திற. பால் வாளியோடு இடமிருந்து ஐந்தாவதாக நிற்பவர் உன் தாத்தா என்று அம்மா சொல்கிறார். நீ பார்த்துச் சொல், பெயர் எழுதாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பக்கத்து லயத்துக்காரன்