டெத் வேலி போட்டோ ட்ரிப்: ஜூலைல ஏன் போறோம், பகல்ல ஏன் தூங்கப் போறோம்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்,

நம்ம தமிழ்ப் பள்ளி போட்டோகிராபி கிளப் பசங்க 2026 ஜூலை 10 வெள்ளிக்கிழமை கலிஃபோர்னியா பாலைவனத்துல இருக்கற டெத் வேலி நேஷனல் பார்க்குக்கு கிளம்புறாங்க, ஞாயித்துக்கிழமை மதியத்துக்குள்ள அங்கேர்ந்து வெளிய வந்துடுவாங்க. நோட்டீஸ் போட்ட அன்னைக்கே பாதி பேர் போன் பண்ணி "டீச்சர், ஜூலைலயா?"ன்னு கேட்டுட்டீங்க. நானும் அதையே கேட்டு ரெண்டு மாசம் முடியாதுன்னு சொல்லிட்டு இருந்தவதான். தேதி முடிவான அப்புறம்தான் கவனிச்சேன், அங்க இருக்கற ஃபர்னஸ் க்ரீக்ல காத்து சூடு 56.7 டிகிரி செல்சியஸ்னு உலக ரெக்கார்ட் பதிவானதும் 1913 ஜூலை 10. நல்லா நாள் பாத்திருக்கோம் போங்க.

பசங்க என்னை மடக்கினது பால்வீதிய வச்சு. அதோட நடுப்பகுதி, போட்டோல பளிச்சுனு தெரியுமே அந்த இடம், குளிர்காலத்துல ராத்திரி வானத்துல கிடைக்காது, கோடைலதான் இருட்டினதும் தெக்கு பக்கம் நல்லா தெரியும். ஜூலை 14 அமாவாசை, அதனால நாம போற ரெண்டு ராத்திரியும் நிலா பின்னிரவுலதான் எழும்பும். வெளிச்சம் கெடுக்காத இருட்டு வானத்துக்குன்னே பேர் வாங்கின பார்க் வேற. சரின்னுட்டேன், ஆனா ஒரு கண்டிஷன்: பகல்ல கேமரா பையிலயே இருக்கும். காலைல 10 மணிக்கு மேல தாழ்வான இடத்துல நடக்காதீங்கன்னு பார்க் ஆளுங்களே சொல்றாங்க, நான் அத 8 மணின்னு வச்சிருக்கேன். மீதி நேரம் ஏசி ரூம்ல தூக்கம், எடிட்டிங், சீட்டாட்டம், என்ன வேணா பண்ணட்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டான்டேஸ் வியூங்கற மலை உச்சி. அது 1,600 மீட்டருக்கு மேல உயரம், கீழ பள்ளத்தாக்கு கொதிக்கும்போதும் அங்க பத்து டிகிரி கிட்ட குறைவா இருக்கும், ராத்திரி ஷூட் முழுக்க அங்கதான். பேட்வாட்டர் உப்புத் தரைய லிஸ்ட்லேர்ந்து நான் எடுத்துட்டேன், அதுல பசங்களுக்கு என் மேல செம கோவம், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழ நின்னு போட்டோ எடுக்கணுமாம். டான்டேஸ் வியூலேர்ந்து அது நேர் கீழதான் தெரியும், அங்கேர்ந்தே எடுத்துக்கட்டும். ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்ன மெஸ்கீட் ஃப்ளாட் மணல்மேடு, சாஞ்ச வெயில்ல மணல் வரி வரியா நிழல் விழும், ஒரு மணி நேரம் போதும், வண்டில ஏறிடணும். பஸ் வேணாம்னு வேன் புக் பண்ணதுக்கு காரணம் கேட்டிருந்தீங்க, பார்க்குள்ள ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ்ங்கற ரோட்டுல 25 அடிக்கு மேல நீளமான வண்டிய விடமாட்டாங்க.

இப்ப உங்க பக்கம் வேலை. செருப்பு போட்டு அனுப்பாதீங்க, மூடின ஷூதான். 1972-ல அங்க தரை சூடு மட்டும் 93.9 டிகிரி பதிவாகியிருக்கு, காத்து சூட்ட சொல்லல, தரைய சொல்றேன். ராத்திரில பாம்பும் வெளிய வரும், டார்ச் அடிக்காம எங்கயும் கை கால் வைக்கக்கூடாதுன்னு வீட்லயே ஒரு தடவ சொல்லிடுங்க. டார்ச் சிவப்பு லைட்டா இருக்கணும், வெள்ளை லைட் அடிச்சா இருட்டுக்கு பழகின கண்ணு திரும்ப பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், பக்கத்துல இருக்கறவன் போட்டோவும் போச்சு. தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்குல நாங்க ஏத்துறோம். அந்த வறண்ட காத்துல வேர்வை உடனே காஞ்சிடறதால வேர்க்கறதே தெரியாது, தாகம் எடுக்கலன்னு பசங்க குடிக்காம இருந்துடுவாங்க, அதனால மணிக்கொரு தடவ நானே பாட்டில செக் பண்ணுவேன், மானம் போகுதுன்னு சொன்னாலும் சரி. அலர்ஜி மாத்திரை மாதிரி தினமும் ஏதாவது சாப்பிடுற பிள்ளைன்னா முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுட்டு எனக்கும் சொல்லுங்க, சில மருந்து வேர்வைய குறைச்சிடும், சூடு தாங்காது. தயவுசெஞ்சு இத மறைக்காதீங்க, ரொம்ப சூடான நாள்ல ஹெலிகாப்டர் கூட பறந்து வந்து தூக்க முடியாத இடம் அது.

கேமரா விஷயம் பசங்களுக்கே தெரியும், ட்ரைபாட் கட்டாயம், லென்ஸ மணல்மேட்டுல மாத்தக்கூடாது, 24 எம்எம் லென்ஸ்ல ஷட்டர் 20 செகண்டுக்கு மேல திறந்திருந்தா நட்சத்திரம் கோடாயிடும். ட்ரோன் வீட்லயே இருக்கட்டும், நேஷனல் பார்க்ல தடை. போன் மட்டும் வச்சிருக்கற பிள்ளைங்களும் தாராளமா வரலாம், நைட் மோட் போதும்.

பார்க்ல பெரும்பாலான இடத்துல சிக்னல் இல்ல, உங்க போன்கால எடுக்கலன்னா பயப்படாதீங்க, தினம் ரெண்டு தடவ க்ரூப்ல நானே மெசேஜ் போடுறேன். கிளம்பறதுக்கு முந்தின நாள் வெப்பநிலை முன்னறிவிப்ப பாத்துட்டு எனக்கு சரியா படலன்னா ட்ரிப் கேன்சல், அதுல பேரம் கிடையாது, கட்டின காசு திரும்ப வந்துடும்.

சம்மதக் கடிதமும் மருந்து விவரமும் ஜூன் 20 சனிக்கிழமைக்குள்ள என் கைக்கு வரணும். போன தடவ மாதிரி வேன் கதவுகிட்ட நின்னு கையெழுத்து போடலாம்னு நினைக்காதீங்க, ஏத்திக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை