பிராக்கெட்டுக்குள் வலை பின்னும் முன்

அன்புள்ள சேகர்,

கடிதமும், டைட்டானியம் பவுடரை லேசரால் உருக்கி 3டி முறையில் நீ அச்சிடப்போகும் பிராக்கெட்டின் வரைபடமும் கிடைத்தன. உள்பகுதி முழுவதையும் பிசிசி லேட்டிஸாக, அதாவது நடுமுடிச்சிலிருந்து எட்டு மூலைக்கும் கம்பி ஓடும் செல்களின் வலையாக, மாற்றினால் எடை பாதியாகும் என்கிறாய். ஆகும். விறைப்பு எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்தாயா?

கம்பிச் சட்டம் வளையாமல் தாங்குமா என்று காட்டும் மாக்ஸ்வெல் கணக்கைப் போட்டுப் பார். கம்பிகளின் எண்ணிக்கையிலிருந்து முடிச்சுகளின் மும்மடங்கைக் கழித்து 6 கூட்ட வேண்டும். பிசிசி செல்லில் 8 கம்பி, 9 முடிச்சு. விடை மைனஸ் 13. பாரம் ஏறினால் கம்பிகள் வளைந்துதான் தாங்கும் என்று அர்த்தம். அந்த வகையில் அடர்த்தியைப் பாதியாக்கினால் விறைப்பு ஏறக்குறைய கால்வாசிக்கு இறங்கிவிடும். முக்கோணங்களாகப் பின்னிய ஆக்டெட் லேட்டிஸில் கம்பிகள் இழுபட்டும் அமுங்கியும் தாங்குவதால் விறைப்பும் பாதியோடு நிற்கும். ஆனால் அதிலுள்ள கிடைக்கம்பிகள் பவுடரின் மேல் தொங்கலாக உருகி வயிறு தள்ளும். உள்ளே சப்போர்ட் (அச்சிடும்போது தாங்கும் தற்காலிக முட்டு) வைத்தால் எடுக்கவும் வழியில்லை.

பாரத்தின் திசை உறுதியாகத் தெரிந்த இடத்தில் லேட்டிஸே வேண்டாம் என்பது என் கட்சி. போல்ட் துளையிலிருந்து துளைக்கு இரண்டு திடமான விலாக்களை ஓட்டு. மோதலை உறிஞ்ச, வெப்பத்தை வெளியேற்ற, எலும்பு உள்ளே வளர்ந்து பிடிக்க, மெல்லிய வெளிச்சுவரான தோல் நெளியாமல் பின்னால் முட்டுக்கொடுக்க: இங்கெல்லாம்தான் லேட்டிஸுக்கு வேலை. உன் பிராக்கெட்டில் அப்படிப்பட்ட இடம் பக்கத் தோல்களுக்கு நடுவே மட்டும்தான். முட்டுக்கொடுக்க அங்கே பிசிசியே போதும்.

4 மி.மீ. செல், 0.8 மி.மீ. கம்பி சரிதான். கனசதுரச் செல்லில் கம்பி கிடைமட்டத்திலிருந்து 35.3 டிகிரியில் நிற்கும். உயரத்தை மட்டும் 5.66 மி.மீ. ஆக்கினால் 45 டிகிரி வந்துவிடும். குட்டைக் கம்பி என்பதால் 35 டிகிரியிலும் அச்சாகும்தான். ஆனால் சாய்வு குறையக் குறைய லேசரின் சூடு அடியிலுள்ள பவுடருக்குள் இறங்கி, அரைகுறையாக உருகிய துகள்கள் கீழ்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தடிப்பு எடையைக் கூட்டுமே தவிர, பாரம் சுமக்காது.

எனவே முழு பாகத்தை அச்சிடும் முன் சின்ன மாதிரி ஒன்றை அச்சிட்டுத் தராசில் வை. 20 மி.மீ. கனசதுரம், 20 சதவீத அடர்த்தி என்றால் 8 கன செ.மீ. × 0.2 × டைட்டானியக் கலவையின் அடர்த்தி 4.43, அதாவது சுமார் 7.1 கிராம். 8 கிராமைத் தாண்டினால் ஒன்று கம்பி தடித்திருக்கிறது, இல்லை உள்ளே பவுடர் தங்கியிருக்கிறது.

பவுடர் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். உன் வரைபடத்தில் தோல் நாலாபுறமும் மூடியிருக்கிறது, வடிதுளையே இல்லை. எதிரெதிர் மூலைகளில் 4 மி.மீ. துளை இரண்டாவது வேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால் காற்று போகவும் பவுடர் வரவும் அதே வாய்தான். பவுடர் முழுக்க வெளியேறிய பிறகே அழுத்தம் தணிக்கும் சூளை, அதற்குப் பிறகுதான் அச்சிட்ட பிளேட்டிலிருந்து பாகத்தை அறுத்தெடுக்கும் வயர் கட். சூளையை முந்தவிட்டால் தங்கிய பவுடர் 800 டிகிரியில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு தட்டினாலும் வராது.

கம்பி தோலைத் தொடும் இடம் வெறும் மூலையாக இருக்கிறது. அங்கே மூலையை வளைவாக நிரப்பும் 0.3 மி.மீ. ஃபில்லெட்டாவது கொடு. அதிரும் பாகத்தில் விரிசல் பெரும்பாலும் அந்த முடிச்சில்தான் பிறக்கும். ஹிப் (சூட்டில் வாயுவால் எல்லாப் பக்கமும் அழுத்துவது) செய்தால் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். அது உள்துளைகளை மூடும். மேற்பரப்பின் சொரசொரப்பைத் தொடாது. அதற்கு அமிலக் குளியல்தான். பக்கத்துக்கு 0.05 மி.மீ. கரையும் என்றால் கம்பியை 0.9 மி.மீ. ஆக வரைந்துவிடு.

ஃபைல் திறக்கவே மாட்டேன் என்கிறது என்றாயே, அதில் ஆச்சரியமில்லை. 100 × 60 × 40 மி.மீ. இடத்தில் 4 மி.மீ. செல் 3,750, செல்லுக்கு 8 வீதம் அரைக்கம்பிகள் 30,000. எஸ்டிஎல் ஃபைல் மேற்பரப்பை முக்கோணங்களாகத்தான் சேமிக்கும்; கம்பிக்கு 100 முக்கோணம் என்றாலே 30 லட்சம். பைனரி எஸ்டிஎல்லில் முக்கோணத்துக்கு 50 பைட், ஆக 150 எம்பி. த்ரீஎம்எஃப் (3MF) என்ற இன்னொரு ஃபைல் வகையின் பீம் லேட்டிஸ் வடிவத்தில் சேமித்தால் முனைகளும் ஆரமும் மட்டும் போகும். அச்சிடுபவரின் மென்பொருள் அதைப் படிக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்.

விலாக்களை வரைய போல்ட் துளைகளில் வரும் பாரத்தின் அளவும் திசையும் வேண்டும். அடுத்த கடிதத்தில் அவற்றை எழுது.

அன்புடன்,
குமரன்