ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு புல் பட்டை: நாமக்கல் கோழிப்பண்ணையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பண்ணை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம்.

உங்கள் பண்ணைகளுக்குக் கீழே, பள்ளத்தை, அதாவது ஓடையை, ஒட்டிக் காடு (விளைநிலம்) வைத்திருக்கும் விவசாயி எழுதுகிறேன். உங்களிடம் எரு வாங்குகிறவனும் நான்தான். அதனால் சண்டைக்கு வரவில்லை, ஒரு வேலை சொல்லத்தான் வருகிறேன்.

கோழி எருவை மக்க வைத்து விற்பது நல்ல காரியம். ஈ குறையும், நாற்றம் அடங்கும். ஆனால் குவியல் பல இடங்களில் கூரையில்லாமல் சரிவில் கிடக்கிறது. மழை பலத்துப் பெய்தால் அதன் அடியிலிருந்து டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு நீர் இறங்குகிறது. அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஏரியில் சேர்ந்து பாசி கட்டுகிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட்டாக மாறிக் கிணற்றுக்குள் போகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுத் தர அளவு. தாண்டினால் அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து.

குவியலுக்கும் பள்ளத்துக்கும் நடுவே, இடம் இருந்தால் பத்து மீட்டருக்குக் குறையாமல், அடர்ந்த புல் பட்டை ஒன்று விடுங்கள். புல்லில் மோதி ஓட்டம் தளர்ந்தால் வண்டலும் அதோடு ஒட்டிவரும் மணிச்சத்தும் அங்கேயே படியும். மிச்சத்தில் கொஞ்சத்தை மண் உறிஞ்சும், வேர் எடுத்துக்கொள்ளும்.

வேலியோரம் வேம்பும் புங்கனும் வைத்துவிட்டு 'பசுமைப் பட்டை போட்டாச்சு' என்கிறோம். தூசிக்கு அது சரி. மரத்தடி வெறும் மண்ணாக இருந்தால் தண்ணீர் நடுவில் சிரித்துக்கொண்டு போய்விடும். புல்லிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணீர் ஒரே தாரையாகப் பாய்ந்தால் எத்தனை மீட்டர் புல் இருந்தும் வீண். பரவலாக, மெல்லியதாக வர வேண்டும். பட்டையின் மேல் ஓரத்தில் மட்டம் பார்த்து ஆழமில்லாத ஒரு வாய்க்கால் வெட்டி ஜல்லி நிரப்புங்கள். அதையடுத்து, சரிவுக்குக் குறுக்கே, அரை சாண் இடைவெளியில் வெட்டிவேர் வரிசை. அப்புறம் அருகம்புல். கடைசியில் கம்பு நேப்பியர் போட்டால் அறுத்து மாட்டுக்குப் போடலாம். அறுத்து வெளியே எடுத்தால்தான் சத்தும் வெளியேறும். ஒரு எச்சரிக்கை: எருநீர் குடித்த இளம்புல்லில் நைட்ரேட் ஏறியிருக்கும். கொஞ்சம் முற்றவிட்டு, வைக்கோலோடு கலந்து கொடுங்கள். மேல் ஓரத்தில் படியும் வண்டலை வருடம் ஒருமுறை வாரிவிடுங்கள், இல்லையென்றால் அதுவே வரப்பாகித் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடும்.

புல் பட்டை கடைசிக் காவல்தான். கரைந்துபோன நைட்ரேட்டை அது முழுக்கப் பிடிக்காது. அதனால் முதலில் ஷெட் கூரைத் தண்ணீரைக் குவியல் பக்கம் விடாமல் தனி வாய்க்காலில் திருப்புங்கள். குவியலின் அடித்தளத்தை நன்றாக இறுக்குங்கள், முடிந்தால் கான்கிரீட் போடுங்கள். நீளக் குவியல்களைச் சரிவோடு மேலிருந்து கீழாக அமையுங்கள். குறுக்கே போட்டால் மழைநீர் தேங்கி எருவுக்குள் ஊறும். மழைக்காலத்தில் தார்பாய் போடுங்கள்.

ஆடி, ஆவணியில் நட்டால் ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும். வெட்டிவேர் நாற்று என் காட்டு வரப்பில் தூர் தூராக நிற்கிறது. காசு வேண்டாம், கடப்பாரை மட்டும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பள்ளத்துக் காட்டு விவசாயி