பெற்றோருக்கு: கோடிங் பழக இலவசத் தளங்களே போதும்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

பிள்ளைக்கு ஆன்லைன் கோடிங் (கணினிக்குக் கட்டளை எழுதுவது) வகுப்பில் பணம் கட்டலாமா என்று சென்ற பெற்றோர் கூட்டத்தில் பலர் கேட்டீர்கள். வேண்டாம். 6 முதல் 10ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்குத் தேவையான அளவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பச்சைத்தேயிலை விற்ற காசை அதில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நாள், முக்கால் மணி நேரம், பக்கத்தில் உட்கார ஒரு பெரியவர் இருந்தால் போதும்.

6, 7, 8ஆம் வகுப்புக்கு ஸ்கிராட்ச் என்ற இலவசத் தளம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து மீடியா லேப் 2007இல் வெளியிட்டது. இதில் டைப் அடிக்கும் வேலை குறைவு. கட்டளை எழுதிய வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்தால் திரையில் உள்ள பூனை அதன்படி நடக்கும். பத்தாம் வகுப்பு அறிவியலில் 'காட்சித் தொடர்பு' பாடத்தில் ஸ்கிராட்ச் வருகிறது, ஆகவே இதைப் பாடத்துக்கு வெளியே உள்ள விளையாட்டு என்று நினைக்க வேண்டாம்.

முதலில் ஒரு சதுரம் வரையட்டும். இடது கீழ் மூலையில் உள்ள பொத்தானை அழுத்திப் 'பென்' கட்டைகளைச் சேர்த்து, 'பென் டவுன்' (பேனாவைக் கீழே வை) கட்டையை மேலே வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பூனை நடக்கும், கோடு விழாது. பிறகு '100 அடி நகர், 90 டிகிரி திரும்பு' என்பதை 4 தடவை ஓடவிட்டால் சதுரம் தயார். அடுத்தது முக்கோணம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று படித்த பிள்ளை 60 என்றே போடும். மூன்று கோடு விழும், ஆனால் முக்கோணம் மூடாமல் வாய் பிளந்து நிற்கும். அங்கே விடையைச் சொல்லிவிடாதீர்கள். வாசலில் சாக்பீஸால் முக்கோணம் போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே நடக்கச் சொல்லுங்கள். மூலைக்கு வந்ததும் எவ்வளவு திரும்புகிறோம் என்பதைக் கால் சொல்லிவிடும்: உள்ளே இருக்கும் 60 அல்ல, வெளிப்பக்கத்து 120. முழுச் சுற்று 360, அதை 3 மூலைக்குப் பங்கிட்டால் 120. இது பிடிபட்ட பிள்ளை ஐங்கோணத்துக்கு 72 என்று தானே போடும்.

லாகின் இல்லாமலும் ஸ்கிராட்ச் செய்யலாம், ஆனால் வேலை தானாகச் சேமிக்கப்படாது. பக்கத்தை மூடினால் எல்லாம் போய்விடும். எனவே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஃபைல் மெனுவில் கணினிக்குச் சேமிக்கப் பழக்குங்கள். கணக்கு தொடங்குவதானால் உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள். பயனர் பெயரில் பிள்ளையின் பெயரோ பள்ளியின் பெயரோ வேண்டாம்.

9, 10ஆம் வகுப்புக்குப் பைத்தான் என்ற கணினி மொழி. இதில் கட்டளைகளை டைப் அடிக்க வேண்டும். மேல்நிலை இரண்டாம் ஆண்டு கணினி அறிவியலில் இந்த மொழிதான் பாடம். எழுதிப் பழகப் 'பைத்தான் டியூட்டர்' என்ற இலவசத் தளம் நல்லது. எழுதிய கட்டளைகளை ஒவ்வொரு வரியாக நிறுத்தி, பெயரிட்டு மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டிகளில் எதில் என்ன இருக்கிறது என்று படமாகக் காட்டும். ஓர் உதாரணம். காலையில் பறித்த தேயிலை 14 கிலோ, மாலையில் 12 கிலோ. இரண்டையும் 'இன்புட்' என்ற கட்டளை மூலம் வாங்கிக் கூட்டச் சொன்னால் 26 வராது, 1412 வரும். பைத்தான் கெட்டுப்போகவில்லை. 'இன்புட்' எதை வாங்கினாலும் எழுத்தாகத்தான் வாங்கும், எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். 'இன்ட்' என்ற கட்டளை போட்டு எண்ணாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். தளத்தில் 'நெக்ஸ்ட்' பொத்தானை ஒவ்வொன்றாக அழுத்தினால், பெட்டியில் 14 மேற்கோள் குறிக்குள் நிற்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு தடவை அதைப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு மறுபடி சொல்ல வேண்டியிருக்காது.

போனில் பழகும்போது வேறொரு தொல்லை உண்டு. சில போன்களின் விசைப்பலகை வரியின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். விடையைத் திரையில் காட்டும் 'பிரின்ட்' என்ற கட்டளை பெரிய 'பி'யில் தொடங்கினால் பைத்தானுக்கு அது தெரியாத பெயர், உடனே 'நேம் எரர்' (பெயர்ப் பிழை) வரும். விசைப்பலகை அமைப்பில் தானாகப் பெரிய எழுத்தாக்குவதை நிறுத்திவிடுங்கள். சிவப்பில் பிழை வந்தால் பயப்படவும் வேண்டாம், மதிப்பெண் குறையவும் போவதில்லை. கடைசி வரியை முதலில் படிக்கச் சொல்லுங்கள், என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும்.

உங்களிடம் நான் மிகவும் வேண்டிக் கேட்பது ஒன்று உண்டு. பல தளங்களில் சரியான விடைக்குப் பச்சை டிக் விழும். டிக் விழும்வரை மாற்றி மாற்றி அமுக்கினால் பாடம் முடிந்துவிடும், பிள்ளைக்கு ஒன்றும் ஏறியிருக்காது. அதனால் ஓடவிடும் முன்பு, "இப்ப என்ன வரும், சொல்லு பார்க்கலாம்" என்று கேளுங்கள். சொன்னதை நோட்டில் எழுதட்டும், பிறகு அமுக்கட்டும். சொன்னதும் வந்ததும் வேறாக இருந்தால், ஏன் என்று யோசிக்கிற அந்த ஐந்து நிமிடம்தான் படிப்பு. இதைக் கேட்க உங்களுக்கு ஆங்கிலமும் வேண்டாம், கம்ப்யூட்டரும் தெரிய வேண்டாம். மறுநாள் வெற்றுப் பக்கத்தில் அதையே பார்க்காமல் செய்யச் சொல்லுங்கள். கோடிங் வீடியோவை மட்டும் மணிக்கணக்கில் பார்ப்பதை இதில் சேர்க்காதீர்கள். டேட்டாதான் தீரும்.

ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்ட் போவது கோத்தகிரிப் பக்கம் புதிதல்ல. வீட்டில் மடிக்கணினி இருந்தால் ஸ்கிராட்ச் செயலியை ஒரு தடவை இறக்கி வையுங்கள். அதன்பின் நெட் இல்லாமலும், பேட்டரி இருக்கும் வரையும் வேலை நடக்கும். செயலிக்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் புதியது வேண்டும், அண்ணன் அக்காவுக்கு அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 7 இருந்தால் ஏறாது. டவர் கிடைக்கிறது என்று பொழுது சாயும் நேரத்தில் பிள்ளைகளை மேட்டுக்கோ தோட்டத்து ஓரத்துக்கோ போனோடு அனுப்பாதீர்கள். கரடியும் காட்டெருமையும் நடமாடும் நேரம் அது. நெட் கிடைக்காவிட்டால் பாடம் மறுநாளுக்குப் போகட்டும்.

வீட்டில் போனோ கணினியோ இல்லாத பிள்ளைகளுக்குச் செவ்வாய், வியாழன் மதிய உணவு இடைவேளையில் பள்ளியின் ஹைடெக் லேப் (கணினி அறை) திறந்திருக்கும். பேருந்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்றுதான் மாலை நேரம் வைக்கவில்லை. தளங்களின் முகவரிகளை மாணவர் குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். லேப் தேவைப்படுவோர் அதே பக்கத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்