புதுக் காரின் பற்றரி இரவில் இறங்கினால்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதுக் கார் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் உடனே பற்றரியை மாற்ற ஓட வேண்டாம். முதலில் அளந்து பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, வயரைக் கழற்றி, இரவு முழுக்க ஓய்ந்த பற்றரி 12.6 வோல்ற் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். என்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வரை இருக்கும்.

இரண்டும் சரியென்றால் மின் எங்கோ கசிகிறது. நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பற்றரிக்கும் இடையில் மின்னோட்டம் அளக்கும் அம்மீற்றரைத் தொடராகப் பொருத்துங்கள். கதவுகளை மூடி அரைமணி நேரம் விடுங்கள். உள்ளேயுள்ள கணினிகள் உறங்க வேண்டும். அதற்கிடையில் சாவியைத் திருப்பினால் மீற்றரின் பியூஸ் எரிந்துவிடும். 50 மில்லி அம்பியருக்குக் கீழே நின்றால் பயமில்லை. கூடினால், வாங்கிய பின் பூட்டிய டாஷ் கமெராவை முதலில் சந்தேகியுங்கள். அது 250 மில்லி அம்பியர் இழுத்தால் நாளுக்கு 6 அம்பியர் மணி போகும். 40 அம்பியர் மணிப் பற்றரி ஒரு வாரம் தாங்காது. சாவி போட்டால் மட்டும் மின் வரும் பியூஸுக்கு அதை மாற்றினால் போதும்.

கல்லடி, காத்தான்குடி, கல்முனைக் கடற்கரையோரம் நிற்கும் கார்களில், பற்றரியின் நெகட்டிவைக் காரின் உடலோடு இணைக்கும் எர்த் வயரையும் பாருங்கள். உப்புக்காற்றில் போல்ற்றடியில் பச்சை பூத்திருக்கும். கழற்றி, உப்புத்தாளால் மினுங்கத் தேய்த்து, கிறீஸ் பூசி இறுக்குங்கள்.

ஹைபிரிட் காரில் உயர் வோல்ற் மின் ஓடும் செம்மஞ்சள் வயரைத் தொடவே கூடாது.

வாகன மின் திருத்துநர்கள்,
மட்டக்களப்பு.