அட்டைப்பெட்டி மேல் ஒரு நிமிஷம் உட்கார், கண்ணு

அன்புள்ள கண்ணு,

நேற்று நீ அம்மாவிடம் போனில் சொன்னது எல்லாம் என் காதிலும் விழுந்தது. அவள் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நந்தி மலைக்கு சைக்கிளில் போய்வந்த பிறகு இரண்டு நாளாக ஆபீஸ் நாற்காலியில் நேராக உட்கார முடியவில்லை என்றாய். தொடை இடுக்கில் உரசிப் புண்ணாகிவிட்டது என்றாய். கடைசியில், "அப்பாகிட்ட சொல்லாதம்மா" என்றும் சொன்னாய். அந்த நேரம் பார்த்து நான் பேப்பரை முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்துக்கொண்டேன். என்ன படித்தேன் என்று கேட்காதே.

போனில் இதைப் பேசினால் நீயும் நெளிவாய், நானும் நெளிவேன். அதனால்தான் கடிதம். 38 வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங்கிலும் செக்கிங்கிலும் இருந்தவன் நான். அடுத்தவர் ஊர் பிள்ளைகளுக்கெல்லாம் ஜட்டி முதல் டிராக் பேண்ட் வரை தையல் சரிபார்த்து அனுப்பினேன். என் பெண்ணுக்கு ஒரு ஷார்ட்ஸ் எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்ல வெட்கப்பட்டால் எப்படி?

முதலில் என் கதை. கம்பெனிக்குப் போன காலத்தில் 22 இஞ்ச் சைக்கிள், ஸ்பிரிங் வைத்த தோல் சீட், அதன்மேல் நாலாக மடித்த துண்டு. அவ்வளவுதான். நேராக நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி, போகிற தூரமும் ஆறு ஏழு கிலோமீட்டர். ஒன்றும் தெரியவில்லை. 55 வயதில் கியர் சைக்கிள் வாங்கினேன் இல்லையா, அப்போதுதான் வந்தது வினை. குனிந்து ஓட்டுகிற வண்டியில் உடம்புப் பாரம் முன்னால் சாய்கிறது, சீட்டோ கத்தி மாதிரி ஒடுக்கம். உட்காருகிற இடத்தில் மெத்தை மாதிரி பேட் வைத்துத் தைக்கிற சைக்கிள் ஷார்ட்ஸில், கடையில் இருந்ததிலேயே தடிமனானதாக ஒன்று வாங்கினேன். போதாதென்று சீட்டுக்கு ஒரு ஜெல் கவர். போதாதென்று உள்ளே ஜட்டியும் போட்டுக்கொண்டு தாராபுரம் போய்வரக் கிளம்பினேன். கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். ஆடி மாசம். திரும்பும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அறைகிறது, கீழே நெருப்பு. கடைசி இருபது கிலோமீட்டர் நின்றுகொண்டே மிதித்து வந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இடுப்புப் பிடிப்பு என்று சொன்னேன். இன்று வரை அவள் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாதே.

அன்று செய்த மூன்று தப்பில் பெரிய தப்பு ஜட்டிதான். சொல்லிவிடுகிறேன், இந்த ஒரு வரியை எழுதத்தான் ஒரு ராத்திரி முழுக்க ஆனது: பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக்கூடாது. அந்த ஷார்ட்ஸே உள்ளாடை. ஜட்டியின் கால் மடிப்பும் எலாஸ்டிக்கும் சரியாகத் தொடை இடுக்கில் வந்து உட்காருகின்றன. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், விடாது. ஈரத்தில் ஊறிய தோல், அதன்மேல் ஒரு தையல் வரம்பு. நிமிஷத்துக்கு 75 மிதி என்று வைத்துக்கொள். மணிக்கு 4,500. நீ பேர் கொடுத்திருக்கிற 200 கிலோமீட்டர் ப்ரெவே, அதுதான் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம், அதற்கு 13 மணி 30 நிமிஷம் தருகிறார்கள். அதில் பத்து மணி நேரம் மிதித்தாலும் 45,000 தடவை ஒரே இடத்தில் உரசுகிறது. உப்புத்தாள் தேவையில்லை, ஒரு நூல் போதும்.

அடுத்தது தடிமன். எல்லோரும் இதில்தான் ஏமாறுகிறோம், என்னையும் சேர்த்து. மெத்தைக் கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று சொல்வார்கள் இல்லையா, கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு அது. நல்ல சைக்கிள் பேடில் உட்காருகிற எலும்பு அழுந்தும் இடத்தில் 80, 120 என்றெல்லாம் வருகிறது. தொட்டால் கட்டியாக, கஞ்சத்தனமாகத் தெரியும். ஆனால் நாலாவது மணி நேரத்திலும் அது நசுங்காமல் நிற்கும். தடிமனான மெத்து பேடில் எலும்பு இரண்டும் புதைந்துபோகும், நடுவில் இருக்கிற பஞ்சு பிதுங்கி மேலே வந்து எங்கே அழுத்தக்கூடாதோ அங்கே அழுத்தும். கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார். அடிவரை போய்த் தட்டினால் வைத்துவிட்டு வா.

இந்தப் பேடுக்கு ஒரு பேர் உண்டு. கடைப் பையன் என்னிடம் "ஷாமி நல்லா இருக்கும் அங்கிள்" என்றான். எனக்கு 'சாமி' என்றுதான் கேட்டது. நான் உன்னைக் கூப்பிடுகிற சாமி இல்லை இது. ஆல்ப்ஸ் மலையில் ஆடு மாதிரி ஒரு மிருகம், அதன் பேர். அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் கம்பளி ஷார்ட்ஸுக்குள் அந்தத் தோலை வைத்துத் தைத்துக்கொண்டார்கள். துவைத்துக் காயவைத்தால் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும், அதை இளக்கத்தான் க்ரீம் பூசினார்கள். இப்போது தோலும் இல்லை, மிருகமும் இல்லை, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1958-ல் டூபான்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த இழைதான் பிறகு லைக்ரா ஆயிற்று. கம்பளியைக் காலி செய்தது அதுதான். ஐந்து மடங்கு இழுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடுகிற நூல். எங்கள் கம்பெனிக்கு முதல் லைக்ரா ஆர்டர் வந்தபோது கட்டிங் டேபிளில் துணியை விரித்து ஒரு இரவு அப்படியே விட்டுவிடச் சொன்னார்கள், சுருங்குகிறது சுருங்கி முடியட்டும் என்று. அவசரப்பட்டு வெட்டிய முதல் லே, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த துணி அடுக்கு, முழுக்க ஒரு சைஸ் சின்னதாகப் போனது. சரி, அந்தக் கதை வேண்டாம்.

இனி என் தொழில். ஷார்ட்ஸைக் கையில் எடுத்ததும் உள்பக்கத்தைத் திருப்பு. வெளியே இருக்கிற கலரும் லோகோவும் நமக்குத் தேவையில்லை. தொடையின் உள்பக்கத் தையலை மணிக்கட்டின் உட்புறத்தால் தடவிப் பார். விரல் நுனி வேண்டாம், வேலை செய்கிற கைக்கு அங்கே காய்ப்பு இருக்கும், உணர்ச்சி குறைவு. உன் கை கீபோர்டு கைதான், இருந்தாலும் மணிக்கட்டுதான் பொய் சொல்லாது. விளிம்பைச் சுற்றிப் பின்னுகிற ஓவர்லாக் தையல் மட்டும் அடித்து விட்டிருந்தால் ஒரு வரம்பு கட்டியாக எழும்பி நிற்கும். அது வேண்டாம். இரண்டு விளிம்பையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து நான்கு ஊசி ஆறு நூலில் மேலும் கீழும் பின்னியிருந்தால் தையல் தட்டையாக இருக்கும், பார்க்கச் சின்ன ஏணி மாதிரி. நம் ஊரில் பேட்லாக் என்று சொல்கிறோமே, அது மடிப்பு ஓட்டுகிற மெஷின். இது அதன் பெரியண்ணன். எல்லாக் கம்பெனியிலும் இருக்காது.

பேடைச் சுற்றி ஓடுகிற தையலையும் பார்த்துவிடு. விளிம்பில் பேட் மெலிந்து மெலிந்து துணியோடு கலந்துவிட வேண்டும். படிக்கட்டு மாதிரி சட்டென்று முடிந்தால் அந்த இடம் வெட்டும்.

துணிக்கு லேபிளைப் பார். பாலியமைடு (நைலான்தான்) 80, எலாஸ்டேன் (லைக்ரா வகை இழை) 20 என்கிற மாதிரி இருந்தால் நல்லது. அப்புறம் துணியை உன் கைமேல் இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பார். ரேகை தெரிகிறதா? தெரிந்தால் ஆறு மாச வெயிலுக்குப் பிறகு உனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு வேறெல்லாம் தெரியும். துணியின் கனம் 200 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராம் பக்கம் இருக்கட்டும். எத்தனை பீஸாக வெட்டித் தைத்திருக்கிறார்கள் என்று எண்ணச் சொல்வார்கள், எட்டு பீஸ் என்றால் ஒசத்தி என்று. ஒரு காலத்தில் சரி. இப்போது துணியே நாலு பக்கமும் இழுபடுகிறது, குறைந்த பீஸில் தைத்தாலும் நன்றாக உட்காருகிறது. தையல் குறைந்தால் உரசலும் குறைவு.

பெண்களுக்கென்று தைத்ததையே வாங்கு. தள்ளுபடியில் கிடைக்கிறது என்று ஆம்பளை ஷார்ட்ஸ் வாங்காதே. உட்கார்ந்தால் பாரம் தாங்குகிற இரண்டு எலும்பு இருக்கிறதே, அதன் இடைவெளி பெண்களுக்குப் பொதுவாகக் கொஞ்சம் அகலம். அதனால் அவர்கள் பேட் பின்னால் அகலமாக, முன்னால் குட்டையாக வரும். நடுவில் தையல் ஓடாததாகப் பார். தோள்பட்டை வைத்த பிப் ஷார்ட்ஸ்தான் பெரிய பெரிய சைக்கிள் பந்தயக்காரர்கள் போடுவது, இடுப்பில் பிடிக்காது, நழுவாது. ஆனால் நம் நெடுஞ்சாலைகளில் கழிப்பறை கிடைப்பதே பாடு. கிடைத்த இடத்தில் சட்டையைக் கழற்றி, தோள்வாரை இறக்கி, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் அதை ஒரு காலால் பிடித்துக்கொண்டு... வேண்டாம் கண்ணு. பின்பக்கம் கிளிப் வைத்துக் கழற்றுகிற மாதிரியும் செய்கிறார்கள், விலை அதிகம். முதல் ப்ரெவேக்கு அகலமான பட்டை வைத்த இடுப்பு ஷார்ட்ஸே போதும் என்பது என் எண்ணம். இறுக்கமாக இருக்கிறதே, டீக்கடையில் நிற்கக் கூச்சமாக இருக்கிறதே என்றால் மேலே ஒரு தொளதொள ஷார்ட்ஸ் மாட்டிக்கொள். அதை நினைத்து உள்ளே இருப்பதைத் தளர்வாக வாங்கிவிடாதே. பேட் தோலோடு சேர்ந்து நகர வேண்டும். தனியாக நகர்ந்தால் அதுவே உரசும்.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்காதே. நின்றால் எல்லா நல்ல ஷார்ட்ஸும் டயப்பர் கட்டிய குழந்தை மாதிரித்தான் தெரியும், பின்னால் இழுக்கும். சைக்கிளில் இருக்கிற மாதிரி குனி, முழங்காலைத் தூக்கு. அப்போது சுருக்கம் விழாமல் இருந்தால் அதுதான் உன் சைஸ்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நல்ல அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி ஒரு துண்டு எடு, நெளிநெளியாக நடுவில் தாள் வைத்த அட்டை. கெட்டியான பெஞ்சில் போட்டு அதன்மேல் மெல்லிய உடையோடு உட்கார். சைக்கிளில் குனிகிற மாதிரி முன்னால் சாய்ந்து, குதிகாலைத் தூக்கி ஒரு நிமிஷம். எழுந்து பார்த்தால் இரண்டு குழி விழுந்திருக்கும். நடுவுக்கு நடு அள. சீட் அதைவிட ஓரிரு சென்டிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், சீட் தப்பாக இருந்தால் பத்தாயிரம் ரூபாய் ஷார்ட்ஸும் காப்பாற்றாது. வலி ஒன்று, மரத்துப்போவது வேறு. மரத்துப்போனால் அது ஷார்ட்ஸ் விஷயமே இல்லை, சீட் மூக்கு மேலே தூக்கியிருக்கிறதா, உயரம் கூடுதலாகி இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடுகிறதா என்று பார். அதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டாதே.

க்ரீம் வேண்டுமென்றால் பூசிக்கொள், உரசும் இடத்தில். நான் தேங்காயெண்ணெயைத் தடவிப் பார்த்தேன், ஒரு மணி நேரத்துக்குச் சுகம், பிறகு போன இடம் தெரியவில்லை. வாசலின் பேடில் ஏறினால் துவைத்து எடுப்பது பெரும்பாடு.

ஓட்டி முடித்ததும் உடனே கழற்றிவிடு. டிபன் சாப்பிட்டுவிட்டு, போட்டோ போட்டுவிட்டு என்றெல்லாம் உட்கார்ந்திருக்காதே, ஈரத்தில்தான் கிருமி வளரும். உள்பக்கம் திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவை. கம்ஃபோர்ட் மாதிரி மணக்கிற எதுவும் வேண்டாம், இழைமேல் படிந்து வியர்வையை வெளியே விடாமல் அடைத்துவிடும். ப்ளீச்சிங்கும் ஆகாது. நிழலில் காயப்போடு, பேட் உள்ளே காய நேரமாகும். அதனால்தான் ஒன்றுக்கு இரண்டாக வாங்கச் சொல்கிறேன்.

இப்போது இருக்கிற புண் ஆறும் வரை சைக்கிளைத் தொடாதே. கட்டி மாதிரி எழும்பினாலோ சீழ் வைத்தாலோ நீயே கிள்ளாதே, டாக்டரிடம் காட்டு. லேடி டாக்டர் வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல், அவள் யாரையாவது விசாரித்து வைப்பாள். பொறுத்துக்கொள்வது நம் வீட்டுப் பழக்கம், தெரியும். நானும் இடுப்புப் பிடிப்பு என்று சொன்னவன்தானே.

இடுப்பு, தொடை இரண்டின் சுற்றளவையும் சென்டிமீட்டரில் எழுதி அனுப்பு. இஞ்ச் வேண்டாம், சைஸ் சார்ட்டோடு ஒத்துப் பார்க்கத் தகராறு. இங்கே ஏற்றுமதிக்குத் தைக்கிற ஒருவர் சாம்பிள் பீஸ் இரண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார். தையலைப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் மட்டும் கூரியரில் போடுகிறேன். அட்டையில் விழுந்த குழியையும் ஒரு போட்டோ எடு. அம்மாவுக்கு அனுப்பு. நான் அவளிடம் வாங்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா